கேபிளோடு வாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

ராணிப்பேட்டை, காட்பாடி, ஆம்பூர் பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இ.எம்.சி. சோதனை பற்றித்தான். ஒரு மின்னணுக் கருவி பக்கத்துக் கருவிகளைத் தொந்தரவு செய்கிறதா, அவை கொடுக்கும் தொந்தரவைத் தாங்கி நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வேலையில் இருந்த காலமெல்லாம் சோதனைக்கூடத்தில் சேம்பர் (வெளி அலை புகாத சோதனை அறை) கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அழகாகப் பெட்டி கட்டி வந்த பொருள்கள் வாடிய முகங்களோடு திரும்பிப் போவதைப் பார்த்தவன் நான். இப்போது சத்துவாச்சாரியில் ஓய்வு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு பி.எச். கன்ட்ரோலர் பேனல் செய்கிறோம். இப்போது ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும், இ.எம்.சி. ரிப்போர்ட் கேட்கிறார்கள். போர்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனால் போதுமா? வேறு என்ன தேவைப்படும்? பேனலில் ஜி.எஸ்.எம். மோடமும் இருக்கிறது.
— வாசகர், ராணிப்பேட்டை சிப்காட்

ப: போர்டை மட்டும் கொண்டுபோனால் போர்டுக்குத்தான் ரிப்போர்ட் கிடைக்கும். நீங்கள் விற்பது பேனல். பெட்டி, கதவு, பவர் சப்ளை, புரோப் கேபிள், ஆசிட் விடும் டோசிங் பம்புக்குப் போகும் ஒயர், ஜி.எஸ்.எம். ஆன்டெனா எல்லாம் சேர்ந்துதான் பொருள். அதிலும் நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் கரன்ட் (கேபிளின் எல்லா ஒயரிலும் ஒரே திசையில் போவது) ஓடினாலே, 3 மீட்டர் தள்ளி நிற்கும் ஆன்டெனாவில் கிளாஸ் பி வரம்பு, அதாவது வீட்டு உபயோகப் பொருள்களுக்கான வரம்பு, தாண்டிவிடும். அந்த 5 மைக்ரோஆம்பியர் உங்கள் மல்டிமீட்டர் கண்ணில் படவே படாது. வருகிறவர்கள் போர்டைப் பஞ்சு வைத்துக் கொண்டுவருவார்கள், கேபிளை மட்டும் "லேப்பிலே ஏதாவது இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். சைட்டில் 5 மீட்டர் புரோப் கேபிள் போடுவீர்கள் என்றால் அதே 5 மீட்டர் கேபிள், அதே கிளாண்டு, அதே கனெக்டரோடு வரட்டும்.

அடுத்து, எந்தத் தரநிலைப்படி சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள். லேப் உங்களுக்காக அதை முடிவு செய்யாது. அளவிடும், கட்டுப்படுத்தும் கருவிகளுக்கு ஐ.இ.சி. 61326-1 என்ற சர்வதேசத் தரநிலை. அதில் தொழிற்சாலைச் சூழல் என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஒரு கிகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 10 வோல்ட் ரேடியோ புலம், கையால் தொடும் இடங்களில் 4 கிலோவோல்ட் நேரடி மின்பொறி, காற்று வழியாக 8 கிலோவோல்ட், மின் இணைப்பில் 2 கிலோவோல்ட் பர்ஸ்ட் (வேகமான சிறு துடிப்புகளின் கூட்டம்), பிறகு சர்ஜ் (மின்னல் போல் வரும் பெரிய துடிப்பு), மின்னழுத்தச் சரிவு. கருவி வெளியே விடும் இரைச்சலுக்கு, அதாவது உமிழ்வுக்கு, சிஸ்பர் 11 என்ற தரநிலை. உங்கள் பேனலில் ஜி.எஸ்.எம். மோடம் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ரேடியோ உள்ளே வந்துவிட்டால் ஐரோப்பாவில் 2014/30 இ.எம்.சி. சட்டத்துக்குப் பதிலாக 2014/53 ரேடியோ கருவிச் சட்டம் பொருந்தும், சோதனைப் பட்டியலும் நீளும். நேரம் பதிவு செய்யும்போதே லேப்பிடம் சொல்லிவிடுங்கள்.

மோடத்தில் இன்னொரு சங்கதி. சேம்பர் என்பது இரும்பு அறை, உள்ளே டவர் கிடைக்காது. மோடம் தேடிக்கொண்டே இருக்கும், டேட்டா அனுப்பாது. அந்த நிலையில் அளந்தால் பொருள் வேலை செய்யும்போது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. லேப்பில் செல் டவர் போல் நடிக்கும் பேஸ் ஸ்டேஷன் சிமுலேட்டர் இருக்கிறதா, அதற்கு டெஸ்ட் சிம் யார் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது பி.எச். எலக்ட்ரோடு. கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை நூறு மெகாஓம் அளவில் இருக்கும். அதிலிருந்து வருவதோ ஒரு பி.எச்.சுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட்தான். ரேடியோ புலம் அந்த இன்புட் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்தால் ரெக்டிஃபை ஆகி டி.சி.யாக நிற்கும், டிஸ்ப்ளேயில் 7.0 இருந்த இடத்தில் 8.4 என்று காட்டும். இதற்குப் பயந்து சிலர் எலக்ட்ரோடு மாட்டும் பி.என்.சி. கனெக்டரில் ஒரு ஷார்ட்டிங் பிளக்கைப் போட்டுக் கொண்டுவருவார்கள். ஷார்ட் செய்தால் பூஜ்யம் மில்லிவோல்ட், பூஜ்யம் என்றால் பி.எச். 7, என்ன அடித்தாலும் ஆடாமல் நிற்கும். ரிப்போர்ட்டும் வந்துவிடும். அப்புறம் சைட்டில் வாக்கிடாக்கியை அமுக்கினால் ஆசிட் பம்பு ஓட ஆரம்பிக்கும். நிஜ எலக்ட்ரோடை பிளாஸ்டிக் பீக்கரில், பி.எச். மாறாத பஃபர் கரைசலில் நிறுத்துங்கள். பஃபர் பாட்டில் இரண்டு, பீக்கர் சாயாமல் இருக்க ஒரு மரச்சட்டம், துடைக்கத் துணி. லேப்காரர்கள் தண்ணீரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அந்த 7.0 என்பது எவ்வளவு நகரலாம்? இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சோதனைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். பிளஸ் ஆர் மைனஸ் 0.2 என்று எழுதினால் அது உங்கள் வாக்கு. பர்ஸ்ட் அடிக்கும்போது டிஸ்ப்ளே ஒரு கணம் தடுமாறித் தானாகச் சரியானால் போதுமா, ரிலே மட்டும் தப்பாக விழவே கூடாதா, இதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பக்கம் இல்லாமல் வந்தவர்களோடு பாஸா பெயிலா என்று வாதாடியே பல மத்தியானங்கள் போயிருக்கின்றன. சோதனைக்கு என்று ஒரு ஃபர்ம்வேரும் செய்துகொள்ளுங்கள்: ரிலே இரண்டும் சில விநாடிக்கு ஒருமுறை மாறி மாறி இயங்கட்டும், 4–20 மில்லியாம்ப் அவுட்புட் நடுவில் நிற்கட்டும், கன்ட்ரோலர் ரீசெட் ஆனால் அது திரையில் தெரியும்படி ஒரு எண் ஏறட்டும். வாட்ச்டாக், அதாவது தொங்கிப்போன கன்ட்ரோலரைத் தானே மறுபடி தொடங்கவைக்கும் சர்க்கியூட், கமுக்கமாக ரீசெட் செய்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் யாருக்கும் தெரியாது. சேம்பருக்குள் ஆள் நிற்க முடியாது, கேமரா வழியாகத்தான் பார்ப்பார்கள். எனவே எண்கள் பெரிதாக இருக்கட்டும்.

பெட்டிக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பேனல் கட்டுகிறவர்கள் பவுடர் கோட்டிங்கைப் பளபளவென்று அடித்துவிடுவார்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வெறும் கீல்தான் தொடர்பு என்றால், அந்த இடுக்கு முழுவதும் ஆன்டெனாதான். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் இடுக்கு அதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. எர்த் ஸ்டட் இருக்கும் இடத்திலும் கதவு மடியும் ஓரத்திலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி கோட்டிங்குக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டார்களா? உப்புத்தாளும் ஸ்டார் வாஷரும் பையில் இருக்கட்டும்.

ஷீல்டு கேபிளின் வலையை முறுக்கி, வால் போல் இழுத்து, தூரத்தில் ஒரு ஸ்குரூவில் மாட்டும் பழக்கம் எல்லா பேனல்காரரிடமும் உண்டு. பத்து சென்டிமீட்டர் வால் ஏறக்குறைய 100 நானோஹென்ரி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 63 ஓம். ஷீல்டு எதற்கு இருக்கிறதோ அந்த வேலையே நடக்காது. கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே ஷீல்டைச் சுற்றிலும் பிடிக்கிற உலோக கிளாண்டு போடுங்கள்.

சோதனை வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. உமிழ்வு முதலில், மின்பொறியும் சர்ஜும் கடைசியில். சர்ஜில் ஒரு யூனிட் புகைந்தால் மற்ற வேலை நிற்கக் கூடாது, அதனால் ஒரே மாதிரி கட்டிய இரண்டாவது பேனலும் வண்டியில் ஏறட்டும். ஃபியூஸ், வேரிஸ்டர், கேபிளில் மாட்டி இரைச்சலை அடக்கும் கிளிப் ஃபெரைட் பல அளவுகளில், காப்பர் டேப், மெயின்ஸ் இரைச்சலைத் திருப்பிவிடும் ஒய் கெப்பாசிட்டர், சால்டரிங் அயர்ன், சர்க்கியூட் படம். போர்டு செய்த பையனும் கூட வரட்டும். முதலாளி மட்டும் வந்தால் பெயில் ஆனதும் போனில்தான் வேலை நடக்கும். சேம்பர் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கே: சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட் அடாப்டரில் ஐரோப்பிய சி.இ. முத்திரை இருக்கிறது. அப்படியானால் எங்கள் கருவிக்கு மெயின்ஸ் பக்கச் சோதனை தேவையில்லை அல்லவா?
— வாசகி, வாலாஜாபேட்டை

ப: தேவைதான் அம்மா. அந்த முத்திரை உண்மையாகவே இருந்தாலும், அந்த அடாப்டரைச் சோதித்தபோது மறுமுனையில் பெரும்பாலும் ஒரு வெறும் ரெசிஸ்டர்தான் இருந்திருக்கும். உங்கள் போர்டும் அதன் கேபிள்களும் சேர்ந்ததும் காமன் மோட் கரன்ட் ஓட புது வழி கிடைக்கிறது. 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை மெயின்ஸ் ஒயரில் அளப்பார்கள், அடாப்டரும் கருவியும் சேர்ந்து என்ன தள்ளுகின்றன என்றுதான் அதில் தெரியும். பல அடாப்டர் ஐ.சி.கள் 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது சும்மா இல்லை. அதன் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அலைவரிசை) 130, வரம்பு தொடங்கும் 150-க்குக் கீழே நின்றுவிடும். மூன்றாவதான 195-லிருந்துதான் கவலை.

தெருவில் வாங்கும் அடாப்டரில் பெரிய ஆபத்து வேறு. போன மாதப் பெட்டியும் இந்த மாதப் பெட்டியும் மேலே ஒரே ஸ்டிக்கர், உள்ளே வேறு போர்டு. இன்புட் சோக் இருந்த இடத்தில் இரண்டு ஜம்பர் ஒயர். பாஸான அடாப்டரின் மாடலை எழுதிக்கொண்டு அதே தயாரிப்பாளரிடம் தொடர்ந்து வாங்க முடியும் என்றால் மட்டும் அதை வைத்து சோதனைக்குப் போங்கள்.

கே: எங்கள் டேட்டா லாகர் 144 மெகாஹெர்ட்ஸில் 4 டெசிபல் அதிகம் என்று பெயில். லேப்பில் ஃபெரைட் மாட்டச் சொன்னார்கள், மாட்டினோம், ஒரு டெசிபல்தான் குறைந்தது. கன்ட்ரோலர் கிரிஸ்டல் 24 மெகாஹெர்ட்ஸ். டிஸ்ப்ளேக்கு அரை மீட்டர் கேபிள் போகிறது.
— வாசகர், காட்பாடி

ப: கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். 24-ஐ 6-ஆல் பெருக்கினால் 144. லேப் கொடுத்த கிராஃபில் 120, 168-லும் முள் (கூரான உச்சி) நிற்கிறதா பாருங்கள், 24 இடைவெளியில் வரிசையாக நின்றால் மூலம் கிரிஸ்டல்தான். 144-க்கு அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல், அதில் கால்பங்கு 52 சென்டிமீட்டர். உங்கள் டிஸ்ப்ளே கேபிள் அரை மீட்டர். 144 மட்டும் ஏன் தலையைத் தூக்குகிறது என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

ஃபெரைட் கைவிட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இடம். கேபிளில் கரன்ட் அதிகம் ஓடும் முனையில், அதாவது போர்டை விட்டு வெளியேறும் இடத்திலேயே மாட்ட வேண்டும். நடுவில் மாட்டினால் அழகுக்குத்தான். அதற்கு முன் ஒரு காரியம்: கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எது போனதும் முள் இறங்குகிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளே கேபிளைக் கழற்றியும் இறங்கவில்லையா, குற்றவாளி யு.எஸ்.பி. கேபிளாக இருக்கலாம். இதற்கு லேப் தேவையில்லை. கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது, ஒரு துண்டு கோ-ஆக்ஸ் கேபிளில் வளையம் கட்டினால் புரோப். வீட்டில் கிடைக்கும் அளவை லேப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்ற வித்தியாசம்தான் அதில் பயன்.

மருந்து போர்டில்தான் இருக்கிறது. கன்ட்ரோலரிலிருந்து டிஸ்ப்ளேக்குப் போகும் கிளாக் லைனில், கன்ட்ரோலர் காலுக்குப் பக்கத்தில் 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர். ரிப்பன் கேபிளில் ஒரே ஒரு கிரவுண்ட் ஒயர் ஓரத்தில் போவதாக உங்கள் படத்தில் தெரிகிறது. கிளாக்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள். 4 டெசிபல் குறைத்து வரம்பில் போய் நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள். லேப் மாறினால் எண் சற்று மாறும், யூனிட் மாறினால் இன்னும் மாறும். வரம்புக்குக் கீழே 6 டெசிபல் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆக மொத்தம் 10 குறைய வேண்டும், அதாவது புலம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக வேண்டும். "குவாசி பீக் வைத்து அளந்தால் குறையுமாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். குவாசி பீக் என்பது இரைச்சல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் அளவு. விட்டுவிட்டு வரும் இரைச்சலுக்குக் குறையும். கிளாக் நிற்காமல் ஓடுவது, அதற்குப் பீக்கும் குவாசி பீக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

லேப்பில் மாட்டிய ஃபெரைட்டோடு பாஸ் ஆனால், அந்த ஃபெரைட் நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பர்சேஸ்காரர் அதைப் "பிளாஸ்டிக் உருண்டை" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.

கே: வீட்டில் புது எல்.ஈ.டி. டியூப் போட்டால் அப்பாவின் மீடியம் வேவ் ரேடியோ கரகரக்கிறது. ரேடியோ கெட்டுவிட்டதா?
— வாசகி, குடியாத்தம்

ப: ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. டியூபின் டிரைவரில் இன்புட் ஃபில்டரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். விளக்குகளுக்கு சிஸ்பர் 15 என்ற வரம்பு இருப்பதே இதற்காகத்தான். டியூபை மாற்றுங்கள், அப்பாவிடம் ரேடியோவை மாற்றச் சொல்லாதீர்கள்.

கே: கல்லூரி புராஜெக்டாக ஆரம்பித்த, மருந்தை நரம்பில் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பை, மருத்துவமனையில் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுவர நினைக்கிறோம். மெயின்ஸில் உமிழ்வு அதிகம் என்பதால் அடாப்டரில் ஒய் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினோம், சரியாகிவிட்டது. அடுத்து லேப்புக்குப் போகலாமா?
— மாணவி, பாகாயம்

ப: கொஞ்சம் பொறுங்கள். 2.2 நானோஃபாரட் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே கணக்குப்படி 0.16 மில்லியாம்ப் கசியும். உங்கள் அடாப்டர் இரண்டு பின் உள்ளது, எர்த் இல்லை. அந்தக் கசிவு பம்பைத் தொடுகிறவர் வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவக் கருவிக்கு சாதாரண நிலையில் தொடு மின்னோட்டம் 0.1 மில்லியாம்புக்கு மேல் கூடாது. இ.எம்.சி.யில் பாஸாகி, பாதுகாப்புச் சோதனையில் பெயில் ஆவீர்கள். மருத்துவத் தரத்துக்கென்றே செய்த, கசிவு குறைந்த பவர் சப்ளையை வாங்கிக்கொண்டு, உமிழ்வை காமன் மோட் சோக்கால் குறையுங்கள்.

உங்களுக்கான தரநிலை ஐ.இ.சி. 60601-1-2. மின்பொறி நேரடியாக 8 கிலோவோல்ட், காற்றில் 15. ராணிப்பேட்டைக்காரரின் பேனலுக்கு இதில் பாதிதான். செல்போன், வாக்கிடாக்கி பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, சில அலைவரிசைகளில் மீட்டருக்கு 28 வோல்ட் வரை அடிப்பார்கள். நோயாளியின் உறவினர் படுக்கையோரம் நின்று போன் பேசுவதை சி.எம்.சி. மருத்துவமனை வார்டில் போய்ப் பாருங்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இதில் எதுவும் தொடங்கும் முன், உங்கள் பம்பு எதை மட்டும் எந்த நிலையிலும் தவறவிடக் கூடாது என்று எழுதியாக வேண்டும். மருந்து பாயும் வேகம் எத்தனை சதவீதம் மாறலாம்? அடைப்பு அலாரம் எத்தனை விநாடிக்குள் அடிக்க வேண்டும்? இதை எழுத ஒரு டாக்டரோடு உட்கார வேண்டியிருக்கும். அப்புறம், வேகத்தை சேம்பருக்குள் எப்படி அளப்பீர்கள்? எலக்ட்ரானிக் தராசை உள்ளே வைத்தால் அந்தப் புலத்தில் தராசே உளறும். நீளமான குழாய் போட்டு வெளியே கொண்டுவந்து எடை பாருங்கள், அல்லது அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயைக் கேமராவில் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கே: இங்கிருந்து எந்த லேப்புக்குப் போவது? எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், ஆம்பூர்

ப: சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது, மத்திய அரசுடையது. வாகனங்களும் அவற்றின் பாகங்களும் என்றால் ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர். தனியார் லேப்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு, உங்களுக்கு ஹைவே இரண்டு பக்கமும் போகிறது. லேப்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல். இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அந்த அங்கீகாரத்தின் ஸ்கோப் பட்டியலில் உங்கள் தரநிலையின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். ஆம்பூரிலிருந்து வேனில் குலுங்கி வந்த கருவியை இறக்கியவுடன் நேராக சேம்பரில் ஏற்றாதீர்கள். கனெக்டரை எல்லாம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கே: எங்கள் ஒர்க்ஷாப் பாறை நிலம். எர்த் சரியில்லை என்பதால்தான் கருவி இரைச்சல் கொடுக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். உப்பும் கரியும் போட்டு புது எர்த் பிட் தோண்டினால் இ.எம்.சி. சரியாகுமா?
— வாசகர், வேலூர்

ப: எர்த் பிட் அவசியம் தோண்டுங்கள், ஆனால் ஷாக் அடிக்காமல் இருக்க, இடி மின்னலுக்கு. வேலூர் பாறையில் அது எப்படியும் தேவை. இ.எம்.சி.க்கு அதனால் ஒன்றும் ஆகாது. கருவியிலிருந்து பிட் வரை 10 மீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 10 மைக்ரோஹென்ரி. 50 ஹெர்ட்ஸில் அது இருப்பதே தெரியாது. 30 மெகாஹெர்ட்ஸில் 1,900 ஓம் தடையாக நிற்கும். பிட்டில் எவ்வளவு உப்பு கொட்டினாலும் அந்த ஒயரைத் தாண்டி இரைச்சல் அங்கே போகப்போவதில்லை. லேப்பிலும் உங்கள் கருவிக்காக யாரும் பள்ளம் தோண்டுவதில்லை. தரையில் ஓர் உலோகத் தகடு இருக்கும், அதுதான் அங்கே கிரவுண்ட்.

உங்கள் படத்தில் ஃபில்டரை ஒரு மூலையில் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டி, அதிலிருந்து பச்சை ஒயர் பேனல் முழுக்கச் சுற்றி எர்த் பாருக்குப் போகிறது. அதைக் கழற்றி, மெயின்ஸ் உள்ளே வரும் இடத்திலேயே, பெயின்ட் சுரண்டிய தகட்டின் மேல் ஃபில்டரின் உலோக உடம்பு நேரடியாகப் படும்படி நான்கு ஸ்குரூவும் போட்டு இறுக்குங்கள். ஃபில்டருக்கு வரும் ஒயரும் அதிலிருந்து போகும் ஒயரும் ஒரே கட்டில் போகக் கூடாது. கதவுக்கு ஒயருக்குப் பதில் அகலமான, குட்டையான காப்பர் பிரெய்டு. இதைச் செய்துவிட்டு மறுபடி இரைச்சலை அளந்து எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.